மேசையின் நாலாவது கால்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு விசாரணைக் கமிஷன் என்று பெயர். கைக்காயப் பிரிவில் பதினான்கு வருடமாகக் கட்டுப் போட்டுக் கட்டுப் பிரிக்கிற நர்ஸ். ரம்பம், கிரைண்டர், டிரில் என்று எதில் கையைக் கொடுத்துவிட்டு வந்தாலும், வலி கொஞ்சம் அடங்கியதும் அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அப்ப மனசுல என்ன ஓடிச்சு?"

எப்படி நடந்தது என்று டாக்டர்கள் கேட்பார்கள். அதில் இவளுக்கு அக்கறை இல்லை. தனக்குக் கிடைத்த பதில்களைப் பழைய டயரி ஒன்றில் எழுதி வைத்தாள். குடித்திருந்தவர்கள், தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள், முதலாளிமேல் கடுப்பில் இருந்தவர்கள் எல்லாம் அதில் உண்டு. அவளை அசத்தியது மீதிப் பேர். மகள் பரீட்சையில் பாஸ் என்று போன் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றார் ஒருவர். புது வீட்டுச் சாவி சட்டைப் பையிலேயே இருந்தது என்றார் இன்னொருவர். இதோ ஒரே வெட்டு, முடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தவர்கள் மட்டும் மூன்று பக்கம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லி வைத்தவர்கள் ஆனந்தக்காரனை மறந்துவிட்டார்கள்; அவனுக்கு அதைவிட மட்டு என்பது அவள் முடிவு.

இவ்வளவு விரல்களைப் பார்த்தவள் வீட்டில் ஒரு ரம்ப மெஷின் வாங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? வாங்கினாள். வம்பு அவள் கணவரால் வந்தது. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர்; போனால் ஒன்றரை வருடம், இரண்டு வருடம். போன தடவை வந்திருந்தபோது அவள் ஆணி அடிக்கிற அழகைப் பார்த்து, "உன் கையில சுத்தியலக் குடுத்தா சுவரே நகந்துக்கும்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கார் இல்லாத கார் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கினாள். தெரிந்த தச்சர் ஒருவரை நச்சரித்து நச்சரித்து வேலை கற்றாள். முதலில் ஒரு ஸ்டூல், பிறகு ஓர் அலமாரி, கடைசியில் சாப்பாட்டு மேசை. அவர் வருவதற்குள் அந்த மேசை நாலு காலில் நிற்க வேண்டும், அதில் அவருக்குச் சாப்பாடு போட வேண்டும். போனில் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

ஷெட்டுக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான், இறுக்கமான சட்டை, இழுத்துக் கட்டிய கொண்டை. பிளேடைத் தொட வேண்டுமென்றால் பிளக் கழன்று கண்ணெதிரே கிடக்க வேண்டும். இரண்டு கையும் மரத்தில் இருக்கும்போது முழங்காலால் தட்டினாலே மெஷின் நிற்கிற மாதிரி, எலக்ட்ரீஷியனை விட்டு ஒரு பலகை சுவிட்சும் வைத்திருந்தாள். இதெல்லாம் போக, மெஷினைப் போடுமுன் தன் கேள்வியைத் தன்னிடமே கேட்டுப் பதிலை வாய்விட்டுச் சொல்வாள். "கட்டை" என்று வந்தால் வேலை. வேறு எது வந்தாலும், அது அரிசி தீர்ந்துபோன கவலையாகவே இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

மூன்று கால் பொருத்தியாகிவிட்டது. நாலாவதை அளவுக்கு வெட்ட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அவர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் போன் வந்தது. கப்பல் முன்னதாகவே கரை சேர்ந்துவிட்டதாம். டாக்சியில் ஏறிவிட்டாராம். ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்பாராம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள், குளிக்க ஓடினாள். போன வருடம் அவர் அனுப்பிய மஞ்சள் சட்டையை, தொளதொளவென்று கை வைத்ததை, எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலையைக்கூட வாரி முடித்துவிட்டாள். அப்புறம்தான் மேசை நினைவுக்கு வந்தது. சாய்ந்து கிடக்கிற மேசையையா அந்த மனுஷனிடம் காட்டுவது? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே. இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஒரே வெட்டு. ஷெட்டுக்கு ஓடினாள், பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டினாள், காதை அடைத்தாள். மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு, "கட்டை" என்றாள். பச்சைப் பொய். நெஞ்சு பூராவும் டாக்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

பிளேடு சுற்ற ஆரம்பித்தது. கட்டையை அணைத்துப் பிடித்துத் தள்ளினாள். இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பார் என்று நினைத்தாள். இளைத்திருப்பாரோ என்று நினைத்தாள். ஒரு கண் வாசல் பக்கம் போய்த் திரும்பியது. திரும்பிய கண்ணில் மஞ்சளாக ஏதோ பட்டது. சட்டைக் கைதான். கட்டையோடு தானும் நகர்ந்து போய், பிளேடுக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் படபடத்துக்கொண்டிருந்தது.

புத்திக்கு முன்னால் முழங்கால் முந்திக்கொண்டது. பலகை தட்டுப்பட்டது, மெஷின் அணைந்தது. பிளேடு சுற்றி ஓயும்வரை அவள் இம்மியும் அசையவில்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையில் வைத்தபடியே தரையில் உட்கார்ந்தாள். டயரியில் அடுத்த வரி தன்னுடையதாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். பயமா, வெட்கமா, அவர் வருகிற சந்தோஷமா என்று தெரியாமலே அழுதாள்.

அவர் பெட்டியோடு வந்து நின்றபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், விளிம்பைத் தடவினார். யார் செய்தது என்று கேட்டார். சொன்னாள். நம்பவில்லை. மறுபடியும் சொன்னாள். அந்த வாயாடி மனுஷன் வாயடைத்து நிற்பதைப் பார்க்கத்தான் அவள் இத்தனை மாதம் பாடுபட்டாள், கண்குளிரப் பார்த்தாள். நாலாவது கால் எங்கே என்று அவர் கேட்டபோது நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கிண்டல் செய்யவில்லை. அந்த மேசையில்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்து, கால் இல்லாத மூலைக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தார். இரண்டு தடவை தண்ணீர் டம்ளர் அவர் மடியிலேயே கவிழ்ந்தது.

மறுநாள் காலையில் இறுக்கமான பழைய சட்டையோடு ஷெட்டுக்குப் போனாள். அவரும் பின்னாலேயே வந்து, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். அவள் கண்ணாடியை மாட்டினாள். அவர் சிரித்தார். கழற்றினாள். கட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கட்டையைப் பார்த்தாள்.

"நீங்க வெளிய போங்க," என்றாள்.

"ஏன்? நான் வாயே தெறக்கலயே."

"நீங்க இங்க இருந்தா எனக்குக் கட்டை தெரியல."

இரண்டு வருடம் கடலில் கிடந்துவிட்டு வந்தவர், போட்டிருந்த பனியனோடு தெருவில் போய் நின்றார். வந்த மறுநாளே வெளியே தள்ளிவிட்டாளா என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார்.

"ஆமா," என்று முகமெல்லாம் பூரிக்கச் சொன்னார் அவர். ரம்பச் சத்தம் ஓயும்வரை உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.