பெயிண்ட் கடை மாடியில் ஒலிப்புத்தகம்

புத்தகம் படிக்கிறவன் என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன். உண்மையில் சில வருடங்களாக நான் புத்தகம் கேட்கிறவன். மேடவாக்கத்திலிருந்து சிறுசேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வரும் நேரத்தில் ஒரு குடும்பமே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துவிடலாம். பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் எனக்கு வாந்தி வரும். அதனால் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன். உலகத்துக்கே புத்தகம் விற்கும் ஒரு பெரிய கடையின் ஆப்பில் என் மொத்த நூலகமும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சோழிங்கநல்லூர் சிக்னலில் அது நின்றுபோனது. கொலையாளி யார் என்று சொல்ல ஒருவர் வாயைத் திறந்த இடம். திரையில், உங்கள் கணக்கில் வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை தெரிவதால் அது மூடப்படுகிறது என்று வந்தது. தினமும் அதே பஸ், அதே ஜன்னலோர சீட், அதே நேரம். என்னைப் போல வழக்கத்துக்கு உட்பட்ட மனிதன் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்க முடியாது.

மதிய உணவு இடைவேளையில் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு பேசினார்.

"சார், நீங்க புக் வாங்கல. புக் கேக்கறதுக்கான பர்மிஷன்தான் வாங்கியிருக்கீங்க."

"அப்ப அந்தப் புக்கெல்லாம் யாரோடது?"

"அது பாலிசில க்ளியரா இருக்கு சார். லிங்க் அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க."

"ஆனா உங்க அக்கவுன்ட் க்ளோஸ் ஆனதால அந்த லிங்க் ஓப்பன் ஆகாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன்: "இனிமே இந்த வீட்டுக்கும் பெரிய கடைக்கும் சம்பந்தம் இல்ல."

என் மனைவி தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாதங்களை அவள் நீளமாக வளர்ப்பதில்லை. "சரி. நீங்க ஆர்டர் பண்ண துணி காயப்போடற ஸ்டாண்டு வாசல்ல வந்து கிடக்கு. அவங்க டப்பாதான். திருப்பி அனுப்பிடவா?"

"அது புத்தகம் இல்லியே" என்றேன். ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாற்று வழி தேடத் தொடங்கினேன். முதலில் தன்னார்வலர்கள் நடத்தும் ஓர் இலவச மின்நூல் தளம். பழைய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் படம் பிடித்தவரின் கட்டைவிரல் இருந்தது. பத்து நாளில் கதாநாயகனைவிட அந்தக் கட்டைவிரல் எனக்கு நெருக்கமாகிவிட்டது. நடுவில் ஒருநாள் அதில் பிளாஸ்திரி தென்பட்டபோது உண்மையாகவே கவலைப்பட்டேன். ஆனால் பஸ்ஸில் இது உதவாது. எனக்குக் குரல் வேண்டும்.

அப்படித்தான் பொழிச்சலூரில் இருந்து நடக்கும் ஒரு சின்னப் பதிப்பகத்தின் பக்கம் கண்ணில் பட்டது. நாட்டுடைமையான பழைய துப்பறியும் நாவல்கள், மின்நூலாகவும் ஒலிநூலாகவும் நேரடியாகக் கிடைக்கும் என்று போட்டிருந்தது. கீழே ஒரு போன் நம்பர். அடித்தேன்.

"ஹலோ, எமல்ஷனா எனாமலா?"

"ஒலிப்புத்தகம் சார்."

"ஓ, அது மாடி. இருங்க, ஏறிக்கினே பேசுறேன்." படியேறும் மூச்சு கேட்டது. "சொல்லுங்க சார், இன்னா புக்கு வோணும்?"

நான் கேட்டேன்: "உங்க ஆப் பேரு என்ன?"

"ஆப்பெல்லாம் இல்ல சார். உங்க நம்பருக்கு பைல அனுப்பிடுவேன். போன்ல போட்டுக்கினு கேளுங்க. வூட்ல மிஸ்ஸஸுக்கும் குடுங்க."

"லாக் எதுவும் கிடையாதா?"

"பெயிண்ட் வாங்கினு போறவரு எந்த செவுத்துல அடிக்கிறாருன்னு நானு பின்னாடியே போய்ப் பாக்கவா முடியும்?"

பத்து நிமிடத்தில் நாவல் வந்து சேர்ந்தது. மறுநாள் காலை பஸ்ஸில் கேட்டேன். ஒரு பெண் குரல். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் ஒரு சொல்கூட நழுவவில்லை. கிழவி பேசினால் கிழவி, போலீஸ்காரன் பேசினால் போலீஸ்காரன். நாவலூர் தாண்டியதும், கதையில் ஓர் ஆள் கதவைத் தட்டும் இடத்தில் நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. என் உத்தியோகம் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. நன்றாக இருக்கிறது என்று நாலு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். நானோ நிமிடம், நொடி குறித்து, கட்டம் போட்டு, இருபத்தேழு பிழைகளின் பட்டியல் அனுப்பினேன். தலைப்பு: 'மேம்படுத்தத் தக்க இடங்கள்'.

பெயிண்ட் கடைக்காரர் பதில் போட்டார்: "ஞாயித்துக்கெழம வாங்க சார். படிக்கிற அக்காவும் வர்றாங்க. நேர்லயே சொல்லிடுங்க."

போனேன். அவருடைய குடும்பம் அந்த ஊரின் பழைய குடும்பங்களில் ஒன்று. நெல் விளைந்த இடத்தில் இப்போது நாலு அடுக்கு வீடுகள், அந்த வீடுகளுக்கெல்லாம் இவர் கடைப் பெயிண்ட். அப்பாவுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. துப்பறியும் கதை இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. படித்துக் காட்டிக் காட்டி இவருடைய தொண்டை போனபின் தொடங்கியதுதான் இந்தப் பதிப்பகம். மாடியில் ஒயிட் சிமெண்ட் மூட்டைகளை மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஒரு நாற்காலி, ஒரு மைக். எதிரொலி துளியும் இல்லை.

அந்த நாற்காலியில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மீனவக் கிராமம் அவருக்கு. காலை மீன் வியாபாரத்தை முடித்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் என் பட்டியல்.

"வாங்க சார். நானு படிச்சதுல இருவத்தேழு தப்பு கீதாமே?"

"தப்புன்னு இல்ல, மேம்படுத்தத் தக்க..."

"மூணு எடத்துல 'ழ' சரியா வரல. ஒத்துக்கறேன், மாத்திப் படிச்சிடறேன்." விரல் பட்டியலில் இறங்கியது. "இதுல பதினொண்ணு ஏரோப்ளேன் சத்தம். இந்தப் பக்கத்துல ஏர்போர்ட்டு கீது, அதுக்கு நானு இன்னா பண்றது? பதினாலாவது இன்னா எழுதிக்கிறீங்க? 'குரல் திடீரென முரட்டுத்தனமாகிறது.' சார், அந்த எடத்துல அவன் கழுத்த நெரிக்கிறான். கொஞ்சிக்கினா நெரிப்பான்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்து நாற்காலியைக் காட்டினார். "நீங்க ஒரு பக்கம் படிங்க, நாங்க கேக்குறோம்."

அலுவலகக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறவன் நான். தைரியமாகவே உட்கார்ந்தேன். நாலாவது வரியில் ஒருவன் கத்தியை எடுத்தான். ஏழாவதில் ரத்தம். பக்கம் முடிந்ததும் அக்கா என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினார்.

"சார்," என்றார் அந்த அக்கா, இரக்கத்தோடு, "அங்க கொல நடக்குது. நீங்க கரன்ட்டு பில்லு படிக்கிற மாரி படிக்கிறீங்க."

கடைக்காரர் என் தோளைத் தட்டினார். "இல்லக்கா, சாரு வாய்ஸ் க்ளியரா கீது. உரிமைப் பக்கம் படிக்க ஆளு இல்லாம இருந்துச்சு பாரு, அதுக்குக் கரெக்டா இருப்பாரு."

இப்படியாக இலக்கியத்தில் எனக்கு இடம் கிடைத்தது. "இந்த நூல் நாட்டுடைமையாக்கப்பட்டது. இதை யாரும் கேட்கலாம், யாருக்கும் கொடுக்கலாம்." இரண்டு வாக்கியம். ஐந்து முறை பதிவு செய்தார்கள்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் போனேன். அந்த அக்காவுக்குப் பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். படிப்பு அங்கே நின்றது, வாய் நிற்கவில்லை. கரையில் மீன் ஏலம் விடுவது, அம்மன் கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பது எல்லாம் அவர்தான். கடைக்காரர் வஞ்சிரம் வாங்கப் போன இடத்தில், நீல டவுசர் போட்ட குழந்தையைக் காணவில்லை என்று அவர் மைக்கில் சொன்ன சொல்லில் திருவிழாக் கூட்டமே வாயடைத்துத் தரையைத் தேடியதாம். நாவல் படிக்க வருகிறீர்களா என்று கடைக்காரர் அன்றைக்கே கேட்டுவிட்டார். விமானம் தலைக்கு மேலே போகும்போது அக்கா வரியில் விரலை வைத்து நிறுத்துவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து, விட்ட கோபத்திலிருந்து தொடங்குவார். நான் காதில் மாட்டிக்கொண்டு பிழை பார்ப்பேன். நாளாக ஆகப் பட்டியல் சிறியதானது. அவர் திருந்தினாரா, நான் திருந்தினேனா தெரியவில்லை.

நடுவில் பெரிய கடையிலிருந்து கடிதம் வந்தது. தவறுதலாக மூடிவிட்டோம், வருந்துகிறோம், கணக்கு திறக்கப்பட்டது. அந்த இடத்துக்கே திரும்பிப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் நினைத்தேன். பிறகு பால்கனியில் நின்று, அன்று சிக்னலில் நின்றுபோன கதையில் கொலையாளி யார் என்று கேட்டு முடித்தேன். மனைவி துணி எடுக்க வந்தாள். என்னைப் பார்த்தாள், என் போனைப் பார்த்தாள், சட்டைகளை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். நான் நினைத்த ஆள் கொலையாளி இல்லை.

ஒருநாள் அக்கா கேட்டார்: "சார், எங்க கரைல பொம்பளைங்க கேக்கணும்னு ஒரே பேஜார் பண்றாங்க. எல்லாம் பட்டன் போனு. அதுல வருமா?"

"மெமரி கார்டு போட்டா வரும்" என்றேன். பூட்டில்லாத கோப்பு, எதிலும் ஏறும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன். கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றின் நிழலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போன்கள் வந்தன. சில கார்டுகளில் உப்புப் பூத்திருந்தது. துடைத்துத் துடைத்து ஏற்றிக் கொடுத்தேன். இத்தனை வருட உத்தியோகத்தில் நான் செய்து கொடுத்த ஒன்றை ஒருவர் அங்கேயே வாங்கி, அங்கேயே பயன்படுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார்கள் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் ஒரு போன், ஒரு எவர்சில்வர் குண்டாவுக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள், சத்தம் கூடுதலாகக் கேட்க. அக்காவின் குரல் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அத்தியாயம் முடிந்ததும் ஒரு பெண் என்னைப் பார்த்து எழுந்து வந்தார்.

"கத சூப்பரா கீது சார். அந்த அக்கா படிக்கிறது அப்டியே உள்ள இஸ்துகினு போவுது. ஒரே ஒரு டவுட்டு."

"கேளுங்கம்மா."

"மொதல்ல ஒரு ஆளு வந்து இன்னாவோ சொல்றாரே, நாட்டுடைமைன்னு. அவுரு பேச ஆரம்பிச்சா கொழந்த தூங்கிடுது. அவுரத் தாண்டிப் போவ எந்த பட்டன அமுக்கணும்?"

போனை வாங்கி, எந்தப் பட்டன் என்று காட்டிக் கொடுத்தேன்.