ராஸ் அல் கைமாவில் ஒரு ஹாரன் சத்தம்

துபாயிலிருந்து என் கல்லூரித் தோழி போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பால்கனியில் நின்று மலையைப் பார்த்தாள், இந்தப் பக்கம் கடலைப் பார்த்தாள், ரவுண்டானாவைச் சுற்றி வந்த நாலு ஆடுகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஆமா, உங்க ஊர்ல என்னடி இருக்கு?"

அமீரகத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஒரு குட்டி எமிரேட்டின் தலைநகரம். நடுவில் ஒரு கடற்கழி. அதற்கு அந்தப் பக்கம் பழைய ஊர், இந்தப் பக்கம் நாங்கள். எங்கே போனாலும் பத்து நிமிடம். மதியம் ஒரு மணிக்குக் கடையெல்லாம் மூடிவிட்டு ஊரே தூங்கும்... இதையெல்லாம் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள்.

உண்மையான பதில் என்னிடம் இருந்தது. சொல்லத்தான் வெட்கம். சொன்னால் நான் எப்படிப்பட்ட அம்மா என்பது தெரிந்துவிடுமே! உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே டீக்கடைக்கு யாரும் இறங்கிப் போவதில்லை. கடை வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். கடைக்காரர் வெயிலில் ஓடிவந்து, கேட்டதைக் கார் ஜன்னலிலேயே கொடுப்பார். வந்த புதிதில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஒரு மனிதரை ஹாரன் அடித்தா கூப்பிடுவது?

என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஃபேக்டரியில் டெக்னீஷியன். டூட்டி முடிந்ததும் மூன்றரை வயது மகள் ஷெரினை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு காதர் பாய் கடைக்குப் போய்விடுவார். ஹாரன் அடிப்பது அவள் வேலை. பாய் மேங்கோ ஜூஸோடு வந்ததும் பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்குவதும் அவள் வேலை. ஹாரன் மரியாதையில்லை, ஜூஸில் சர்க்கரை, கண்ணாடியில் விரல் நசுங்கும் என்று மூன்றையும் நான் தடை செய்திருந்தேன். சட்டம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

அன்று மதியம் அவளுக்குச் சளி மருந்து வாங்கக் கிளம்பினேன். ஐந்தாவது டெஸ்ட்டில் லைசென்ஸ் வாங்கியவள் நான். பெட்ரோல் விளக்கு காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. திரும்பும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மருந்துக்கடை வாசலில் நிறுத்தியபோது ஷெரின் தூங்கியிருந்தாள். கடைக்காரர் ஷட்டரை இறக்கத் தொடங்கியிருந்தார். பத்தே அடி தூரம்... வெளியே நாற்பத்தைந்து டிகிரி. ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் இறங்கினேன்.

இரண்டு நிமிடம்தான். திரும்பி வந்து கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே 'டக்'. விழித்துக்கொண்ட ஷெரின் ஓட்டுநர் சீட்டுக்கு வந்து, பூட்டை அழுத்திவிட்டுச் சிரித்தாள். நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

ஃபோன் உள்ளே. மாற்றுச் சாவி வீட்டில். வீட்டுச் சாவியோ கார் சாவியோடு சேர்ந்து அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடைக்காரர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். தெருவில் ஈ காக்கை இல்லை. பெட்ரோல் தீர்ந்து ஏசி நின்றால்? கியரை இழுத்துவிட்டால்?

"மக்களே, கதவத் தொற... அந்தப் பூட்டத் தூக்கு மக்களே" என்று மகளிடம் கெஞ்சிக் கண்ணாடியைத் தட்டினேன். தட்டத் தட்ட அவள் சிரிப்பு போய் அழுகை வந்தது. வீறிட்டு அழுதபடி ஸ்டியரிங்கின் மேல் விழுந்தாள்.

ஹாரன் அலறியது. நிறுத்தினாள். மறுபடியும் அடித்தாள்.

நாலு கடை தள்ளி, பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் குனிந்து காதர் பாய் வந்தார். கீழக்கரைக்காரர். சோற்றில் இருந்து எழுந்து வந்த கை. காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விறுவிறுவென்று திரும்பி உள்ளே போய்விட்டார். இந்த நேரத்தில் எங்கே போகிறார்? எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஸ்ட்ரா போட்ட மேங்கோ ஜூஸ்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க தங்கச்சி. உங்க மொகத்தப் பாத்துத்தான் புள்ள பயப்படுது."

நின்றேன். அவர் ஷெரின் வழக்கமாக உட்காரும் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். ஒற்றை விரலால் தட்டிவிட்டு, முன்பு தினமும் நின்றது போலவே நின்றார்.

"மேடம்... மேங்கோ ஜூஸ்."

விசும்பல் குறைந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் சீட்டுக்கு நகர்ந்தாள். பட்டனை அழுத்தினாள். கண்ணாடி பாதி இறங்கியது. பாய் ஒரு கையால் ஜூஸைக் கொடுத்தார், மறு கையை உள்ளே விட்டுப் பூட்டைத் தூக்கினார்.

அள்ளி அணைத்தேன். ஜூஸ் முழுக்க என் சுடிதாரில். "மம்மி, மை ஜூஸ்!" என்று ஷெரின் கோபித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் சாயங்காலம் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதுதான் அதிகம் வலித்தது. பிறகு, "அப்போ இனி ஹாரன் அடிக்கலாம்லா?" என்றார்.

அவளைத் தூக்கிக்கொண்டே இறங்கியிருக்கலாமே? பெட்ரோல் போட்டிருக்கலாமே? தினமும் கேட்டுக்கொள்கிறேன். அவளைக் காப்பாற்றியது நான் கற்றுக்கொடுத்த எதுவுமில்லை. நான் வேண்டாமென்ற மூன்றும்தான்.

மறுநாள் நன்றி சொல்லக் கடைக்குள் இறங்கிப் போனேன். பாய் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். "எதுக்குத் தங்கச்சி வெயில்ல எறங்குனீங்க? ஒரு ஹாரன் அடிச்சா வரமாட்டேனா?"

தோழிக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் துபாயில் ஹாரன் அடித்தால் விலகிப் போவார்கள் அல்லவா? எங்கள் ஊரில் கிட்டே வருவார்கள் — சோற்றிலிருந்து எழுந்து!