பி.ஏ. கலை வரலாறு: என் முதல் செமஸ்டர்

கலை வரலாறு படிக்கிறவளுக்குப் படிப்பதைவிடப் பெரிய வேலை, அது என்ன படிப்பு என்று விளக்குவது. இதே படிப்பில் மாட்டிக்கொண்ட என் சக பாவிகளுக்கு இது புதிதாக இருக்காது. மற்றவர்கள் கொஞ்சம் இரக்கத்தோடு படியுங்கள்.

சேர்ந்த நாள்

எனக்கு ஊர் துறையூர் பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து நல்ல மார்க் வாங்கியிருந்தேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.காம். சேரத்தான் அப்பாவோடு போனேன். வரிசையில் நிற்கும்போது அறிவிப்புப் பலகையில் 'கலை வரலாறு' என்று பார்த்தேன். கோயிலுக்குப் போனால் சாமியைவிடத் தூணை அதிக நேரம் பார்க்கிறவள் நான். அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. "அப்பா, எனக்கு இதுதான் வேணும்" என்றேன்.

அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்: ஒரு செமஸ்டர் பார்ப்பது, சரிவரவில்லை என்றால் காமர்ஸுக்கு மாறிவிடுவது. கவுண்டரில் இருந்த கிளார்க் எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "பென்சில்ல கையெழுத்துப் போடச் சொல்லுங்க சார், எப்படியும் மாத்தத்தான் போறாங்க."

அறைத்தோழி

பேனாவால்தான் போட்டேன், அழுத்தி.

தென்னூரில் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. அறைத்தோழி ஸ்டெல்லா, மருங்காபுரிக்காரி, கணக்கு படிக்கிறவள். முதல் வாரம் அவள் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுத் தள்ளினாள். நான் ஒரே ஒரு சிலையின் போட்டோவை வைத்துக்கொண்டு, எந்தக் கால் மடங்கியிருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் நிஜமான அக்கறையோடு கேட்டாள்: "ஏன்டி சுகன்யா, உங்க பாடத்துல பெயில் ஆகக்கூட வழி இருக்கா?"

பாதிப் படியில்

வழி இருக்கிறது. முதல் தேர்வில் இருபத்தைந்துக்கு எட்டு வாங்கினேன். சிலையைப் பார்க்காமல் புத்தகத்தை மனப்பாடம் செய்து எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போனேன். ஏறுகிற வழியில் பல்லவர் காலக் குடைவரை ஒன்று இருக்கிறது. அங்கே சிவன் ஒரு கையால் தன் சடையைத் தூக்கிப் பிடித்திருப்பார், அதில் கங்கை இறங்குவாள். அதன் முன்னால் உட்கார்ந்து வரைந்தேன். அழித்தேன், மறுபடியும் வரைந்தேன். மேலே போகிறவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். குடும்பத்தோடு வந்த ஓர் அம்மா மேலே போய்த் தரிசனம் முடித்துத் திரும்பும்போதும் நான் அங்கேயே இருந்தேன். பக்கத்தில் வந்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்: "முட்டி வலியாம்மா? பிள்ளையார் மன்னிச்சுக்குவாரு, மெதுவா இறங்கிப் போங்க."

திரையில் வந்த சிவன்

பத்து நாள் கழித்து அதே சிவன் வகுப்பில் திரையில் வந்தார். மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ உறுத்தியது. நான் வரைந்ததில் சடையைப் பிடித்த கை நமக்கு இடப்பக்கம் இருந்தது. திரையில் வலப்பக்கம்.

எழுந்து நின்றேன். "மேடம், படம் திரும்பியிருக்கு."

"எட்டு மார்க் வாங்கின நீயா சொல்ற?" என்றார். வகுப்பு சிரித்தது. நான் உட்காரவில்லை. "நேர்ல பார்த்துட்டு வந்தேன் மேடம். ரெண்டரை மணி நேரம் பார்த்தேன்" என்று நோட்டைக் காட்டினேன். அவர் அடுத்த படத்துக்குப் போனார். அன்று இரவு, வேண்டாத வேலை பார்த்துவிட்டோமே என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேடம் வந்ததும் அதே படத்தைப் போட்டார், சரியாகத் திருப்பி. காலையில் தானே மலைக்கோட்டை ஏறிவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்: "நாலு வருஷமா இந்தப் படத்தை இடம் வலம் மாத்தித்தான் நடத்தியிருக்கேன், ஒருத்தரும் எழுந்து நிக்கல."

குதிரை மண்டபம்

ஸ்ரீரங்கத்துக்கு வகுப்போடு போனோம். முன்னங்காலைத் தூக்கிப் பாயும் குதிரைத் தூண்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்து முடித்த பிறகும் நான் நகரவில்லை. நெற்றியில் திருமண் இட்ட ஒரு பெரியவர் நின்று விசாரித்தார். "ரொம்ப நாழியா குதிரையையே பாத்துண்டிருக்கேளே, பெருமாளைச் சேவிச்சாச்சோ?"

"இல்லைங்க. இதுதான் எனக்குப் பாடம்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. கோயிலுக்கு வந்து கல்லைப் பார்க்கிறதாவது என்றார். "கல்லைச் செஞ்சவங்களும் பெருமாளுக்குத்தானே செஞ்சாங்க?" என்று கேட்டுவிட்டேன். குதிரைக்கு அடியில் ஈட்டியோடு நிற்கும் ஆளையும் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அப்புறம் தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொன்னார்: "தினம் இந்த வழியாத்தான் போறேன், இப்படி ஒருத்தன் நிக்கறான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

வெங்காயக் களத்தில்

செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போனேன். அப்பா காமர்ஸுக்கு மாறும் ஃபாரத்தை வாங்கி, தன் கையெழுத்தைப் போட்டுத் தயாராக வைத்திருந்தார். வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே நீட்டினார். "சொன்ன மாதிரி ஒரு செமஸ்டர் ஆச்சு."

"சரிவரலைன்னாதானே மாறணும்? எனக்குச் சரிவந்துடுச்சு."

"வேலை கிடைக்குமா?"

"தெரியலைப்பா. கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் மாறல."

அப்பாவிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நானும் கையெழுத்துப் போடவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டாள். "படிச்சுக்க. ஊர்ல கேட்டா நான் பி.காம்னுதான் சொல்லுவேன்" என்றாள். "சொல்லு, பின்னாடியே வந்து நான் திருத்துவேன்" என்றேன்.

மூன்றாம் நாள் திருச்சிக்குக் கிளம்பும்போது ஃபாரத்தைக் கையில் எடுத்தேன். கிழிக்கப் போகிறேன் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. என் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்: "கிழிக்காத, அடுத்த வருஷத்துக்கும் அதே ஃபாரம் செல்லும்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

ஆக, சிலைகளைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் வீட்டில் கொஞ்ச நாள் சிலை மாதிரி நிற்கப் பழகிக்கொள்ள வேண்டும்.