செத்தவர் பெயரில் தேடினார்கள்

சகோதர சகோதரிகளே, ஆண்டவரின் இரக்கத்தைச் சொல்லத்தான் எழும்பினேன். ஆனால் நான் பட்ட எரிச்சலைச் சொல்லாமல் அது விளங்காது.

மொன்றியல் நீதிமன்றம் என் மகளுக்கு மாதாமாதம் பராமரிப்புப் பணம் கட்டும்படி அவளுடைய தகப்பனுக்குத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே மனுசன் ஒன்டாரியோவுக்கு மாறிவிட்டார். ஸ்கார்பரோவில் புது வான் வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். எங்களுக்கு ஒரு சதமும் இல்லை. நான் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்குகிறேன். வாடகை கட்டினால், பகலில் பிள்ளையை விடும் கார்டெரிக்குக் கட்ட முடியாது. கோடை முடியுமட்டும் தவணை தந்தார்கள். அந்த இடம் போனால் என் வேலையும் போகும்.

தீர்ப்புக்கு மாகாண எல்லை தடையில்லை. கியூபெக்கில் இருந்து அதை ஒன்டாரியோவுக்கு அனுப்பினால், அங்கே பதிந்து, சம்பளத்திலேயே பிடித்து அனுப்புவார்கள். சட்டம் நல்ல சட்டம்தான். நடந்தது என்ன? இங்கே கேட்டால் அங்கே கேள் என்றார்கள், அங்கே கேட்டால் இங்கே கேள் என்றார்கள். போனில் காத்திருந்தால் இங்கே பிரெஞ்சுப் பாட்டு, அங்கே ஆங்கிலப் பாட்டு. கடைசியில், அப்படி ஒரு ஆளே ஒன்டாரியோவில் இல்லை என்று பதில் வந்தது. குளியலறைக்குள் போய் அழுதேன்.

"அந்தோனியாரே, வீட்டுத் திறப்புத் தொலைஞ்சால் எடுத்துத் தாறீர். இவ்வளவு பெரிய மனுசனை உமக்குத் தெரியேல்லையோ" என்று, தொலைந்ததைத் தேடித் தரும் புனிதரோடு சண்டை பிடித்தேன். அது செபமா என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை கோயிலில் செபமாலை சொல்லிக்கொடுக்கும் பிலோமினாக்கா எங்கள் மன்னார் ஆள். அவவின் காதுக்குள், "அக்கா, ஜெயசீலன் மரியதாசுக்காக ஒருக்கா மன்றாடுங்கோ" என்றேன். விளக்கம் சொல்ல வெட்கம். அவ எல்லோருக்கும் கேட்க, "மரியதாஸ் அண்ணையின்ர ஆத்துமா இளைப்பாற மன்றாடுவம்" என்றா.

ஜெயசீலன்தான் என் மகளின் தகப்பன்; மரியதாஸ் அவருடைய தகப்பன், என் மாமனார். அவர் செத்து எத்தனையோ வருடம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அக்கா, நான் கேட்டது மகனுக்கு. நீங்கள் செத்த மனுசனைத் தேடுறியள்."

"பேரைக் கேட்டவுடன அவர்தானே பிள்ளை ஞாபகம் வந்தவர்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒன்டாரியோவும் செத்தவரைத்தானே தேடுகிறது. நம்மில் எவருக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது? தீர்ப்பில் தகப்பன் பெயரான மரியதாஸ் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தது. என் மகளின் தகப்பனுடைய கனடா அடையாள அட்டையிலோ, ஊர்க் கடவுச்சீட்டில் இருந்தபடி தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயரான ஜெயசீலன் குடும்பப் பெயர்.

அடுத்த நாள் கியூபெக் அலுவலகத்துக்குப் போன் எடுத்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், பெயரைத் திருப்பிப் போட்டுத் தேடச் சொன்னேன். அப்படியானால் மரியதாஸ் யார் என்று அந்தப் பெண் கேட்டா. பிள்ளையின் தாத்தா, மன்னாரில் கல்லறையில் இருக்கிறார் என்றேன். அவ பெயரைத் திருப்பிப் போட்டு ஒன்டாரியோவுக்கு அனுப்பினா.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கோடை முடிய முன்னமே, சம்பளத்தில் பிடித்த முதல் பணம் வந்தது. மகள் அதே கார்டெரியில்தான் இருக்கிறாள். ஆண்டவருக்கும் அந்தோனியாருக்கும் என் நன்றி.

இப்போது நான் வெட்கப்பட்டு வாயை மூடுவதில்லை, கோயிலிலும் சரி, அலுவலகத்திலும் சரி. மனுசன் அடுத்த மாகாணத்துக்குப் போய்விட்டான் என்று சோர்ந்திருக்கிற தாய்மாரே, விட்டுவிடாதீர்கள். மனம் அமைதியான பிறகு செபிக்கலாம் என்றும் காத்திருக்காதீர்கள். நான் ஒரு நாளும் அமைதியாகக் கேட்கவில்லை. கத்தித்தான் கேட்டேன். ஆண்டவர் கோபிக்கவில்லை.