பிளக்கைக் கழற்றிய பிறகும்

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. என்னோடு கணிதம் படிப்பித்த ரஞ்சி அக்கா போய்விட்டார். புதுக்குடியிருப்பில் அவர் வீட்டுக்குப் போனேன். மேசையில் நாங்கள் இருவரும் திருத்திக்கொண்டிருந்த வால்வு ரேடியோ முதுகு திறந்தபடி இருந்தது. அதன் முன்னால்தான் விழுந்து கிடந்தாராம்.

"பிளக் கழட்டித்தான் கிடந்தது. கரண்ட் இல்லை, நெஞ்சுதான்" என்று அவருடைய தம்பி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை.

ரேடியோ திருத்துவது எங்கள் இருவருக்கும் புதுப் பழக்கம். வவுனியாவில் பழைய சாமான் கடையொன்றில் அக்கா வாங்கிய பெட்டி அது. வாசித்து வாசித்துத்தான் திறந்தோம். பிளக்கைக் கழற்றினாலும் உள்ளிருக்கும் கொண்டென்சர்கள் மின்னைப் பிடித்து வைத்திருக்கும். மின்தடையொன்றை இணைத்து அதை வடியவிட்டு, மீற்றரில் மின் இல்லையென்று பார்த்த பிறகே கை வைக்கலாம். அவ்வளவும் தெரிந்திருந்தும் ஒருநாள் கழற்றிய கையோடு உள்ளே கையை நீட்டினேன். அக்கா தட்டிய தட்டில் கை சிவந்தது.

"நாங்கள் டைனமோ ஆக்களடி. சண்டைக் காலத்தில கரண்ட் இல்லாமல் சைக்கிள் பெடலைச் சுத்திப் பாட்டுக் கேட்டு வளந்தனாங்கள். கால் நிண்டால் கரண்டும் நிண்டிடும். அந்தப் புத்தி கையை விட்டுப் போகாது."

மின் நெஞ்சைக் கடந்து போகாதபடி மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கச் சொல்வார். "கலியாணப் படத்துக்கு நிக்கிற மாப்பிளை மாதிரி நில்லு" என்று பகிடி பண்ணுவார். தனியத் திறப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். தான் அப்படியொரு சத்தியம் செய்யவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கன்று தம்பி அந்த ரேடியோவை ஒருக்கால் பாட வைக்க ஆசைப்பட்டார். நான் குசினியில் சமையலை விட்டு வந்தபோது பெட்டி உறுமிக்கொண்டிருந்தது, பாட்டில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே கையைக் கொண்டுபோனார்.

"தொடாதேங்கோ அண்ணை."

"கழட்டிப்போட்டனே, பிள்ளை."

மேசையில் கிடந்த அக்காவின் மீற்றரை எடுத்துக் கொண்டென்சரில் வைத்தேன். முள் துள்ளி மேலே ஏறியது. தடையை இணைத்ததும் மெல்ல மெல்ல இறங்கியது. அது பூச்சியத்துக்கு வரும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். நெஞ்சு என்று அதன்பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா எப்படிப் போனார் என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. பெட்டியை இனி வீட்டில் வைக்கமாட்டேன் என்றார் தம்பி. குப்பையில் போட்டால் வேறு யாராவது திறப்பார்கள். அதனால் முதுகுப் பலகையை இறுக்கிப் பூட்டி, என் வீட்டு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். கதிரையில் ஏறப் பழகிவிட்ட மகள் அதை அண்ணாந்து பார்க்கிறாள். அக்காவை அறிந்தவர்கள் அவருடைய சிரிப்பை வைத்திருங்கள். அவருடைய பயத்தை நான் வைத்திருக்கிறேன்.