நாற்பத்தொன்றில் நின்ற காயில்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். பேய், செய்வினை என்று எவன் வந்து சொன்னாலும் "மீட்டர்ல காட்டு, நம்புறேன்" என்று சொல்லியே காலத்தை ஓட்டியவன் நான். செங்கம் ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களின் டேப் ரெக்கார்டரைக்கூட பயமில்லாமல் பிரித்துப் போடுவேன்.

கலர் டிவி ஊருக்குள் வந்த புதிது. எங்கள் ஊர் கரண்ட் நினைத்தால் இறங்கும், நினைத்தால் ஏறும். இரண்டையும் தாங்குகிற மாதிரி ஸ்விட்சிங் பவர் சப்ளை ஒன்றை நானே டிசைன் செய்தேன். அதில் கனமான டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல ஆயிரம் தடவை கரண்டை விட்டு நிறுத்தும், அதை உள்ளங்கை அளவு காயில் ஒன்று, அதாவது செம்புக் கம்பிச் சுருள், வாங்கி மாற்றிக் கொடுக்கும். அந்தக் காயிலைச் சுற்றிக் கொடுத்தவர் அமீர் பாய்.

பாய் மிஷினை நம்பமாட்டார். கையால் சுற்றுவார், வாய்விட்டு எண்ணுவார். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார், அவசரமாக வந்தவன்கூட வாயை மூடிக்கொண்டு நிற்பான். கடைசிச் சுற்று முடிந்ததும் கட்டிய நூலைப் பல்லால் கடித்து அறுத்து "போதும்" என்பார். அதற்கப்புறம்தான் வந்தவரை வாங்க என்பார்.

சப்ளை அரை மணி நேரம் அழகாக ஓடியது. அப்புறம் டப். டிரான்சிஸ்டர் போய்விட்டது. புதிது போட்டேன், சீரிஸில் பல்பு வைத்து ஓட்டினேன், சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கைப் பெரிதாக்கினேன், கண்டென்சரை மாற்றினேன். சூடேறியதும் டப். ஒன்பது டிரான்சிஸ்டர் இப்படியே போனது. எனக்குக் கோபம் தலைக்கேறி, நேரே பாய் கடைக்குப் போய் நாலு பேர் எதிரில் கத்தினேன்.

"எண்ணிக்கை தப்பு பாய். உங்களுக்கு வயசாயிடுச்சு."

"அறுபத்திரண்டு சுத்து கேட்டே, அறுபத்திரண்டுதான் இருக்குது முருகேசு. ஒண்ணு ஜாஸ்தி இல்ல, ஒண்ணு கம்மி இல்ல."

அதோடு விட்டேனா? பாய்க்கு இப்போதெல்லாம் எண்ணிக்கை நிற்பதில்லை என்று கடைகடையாகச் சொல்லிக்கொண்டு போனேன். என் நாக்கில் சனி. பத்தே நாளில் அவரிடம் காயில் கொடுக்க ஆளில்லாமல் போனது. அந்தப் பக்கம் போகும்போது சும்மா உட்கார்ந்திருப்பார், நான் பார்க்காத மாதிரி போய்விடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சுள்ளென்று வெயில். கரண்ட் கட். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சப்ளையின் பிளக்கையும் பிடுங்கி மேஜைமேல் போட்டிருந்தேன், என் கண்ணெதிரில் கிடந்தது. அப்போது காயிலிலிருந்து மெல்லிசாக ரீங்காரம் வந்தது. காதை வைத்தேன். எண்ணிக்கொண்டிருந்தது.

"முப்பத்தொம்பது... நாப்பது... நாப்பத்தொண்ணு."

நின்றது. நம்பினால் நம்புங்கள், பாய் குரல். வாசலுக்கு ஓடிப் பார்த்தேன், தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. திரும்பி வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து மறுபடி நாற்பத்தொன்றில் நின்றது. பயந்துவிட்டேன், சொல்ல வெட்கமில்லை.

காயிலைப் பிரித்தேன். மேலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி அறுபத்திரண்டிலிருந்து கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே வந்தேன். நாற்பத்தொன்றாவது சுற்றில் கம்பி கருகி, அடி வரிசையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கம்பியும் கம்பியும் தொட்டுவிட்டால் டிரான்சிஸ்டர்தான் மொத்த பாரத்தையும் வாங்கிக்கொண்டு சாகும். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு இன்சுலேஷன் பேப்பர் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. காயில் அதன் இரும்புக் கூடான கோருக்குள் நுழையவில்லை, பேப்பரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னவன் நான். "வேணாம்பா, சூடேறினா ஒட்டிக்கும்" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான்தான் கேட்கவில்லை. மிச்சச் சுற்றையும் பிரித்தேன், எண்ணிக்கை சரி.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மகள் ஷமீம் கதவைத் திறந்தது.

"அத்தாவுக்கு செவ்வாக்கெழமை வாதம் அடிச்சிடுச்சுண்ணா. அப்போலருந்து பேச்சே இல்ல. இன்னிக்கு மதியம்தான் வாயத் தொறந்தாரு. ஒண்ணு ரெண்டுனு எண்ணிக்கினே இருக்காரு. நாப்பத்தொண்ணு வந்ததும் நின்னுடுது, மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கிறாரு."

உள்ளே போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"பாய், உங்க எண்ணிக்கை சரியாத்தான் இருக்குது. பேப்பரை எடுக்கச் சொன்னது நான். தப்பு என்னுது. எல்லார்கிட்டயும் போய் சொல்லிட்டு வர்றேன்."

பாய் என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நாப்பத்திரண்டு."

ஒவ்வொன்றாக அறுபத்திரண்டு வரைக்கும் எண்ணினார். பிறகு முகத்தைத் திருப்பி, இல்லாத நூலைப் பல்லால் கடித்தார். "போதும்" என்றார். அன்று அந்தி மக்ரிப் தொழுகைக்கு முன்பே போய்விட்டார். மறுநாள் மையத்து அடக்கத்துக்கு வந்த ஒவ்வொரு கடைக்காரனிடமும் என் தப்பைச் சொன்னேன், அழுதுகொண்டுதான் சொன்னேன். அவர் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது.

பேப்பர் வைத்துச் சுற்றிய சப்ளையில் டிரான்சிஸ்டர் போகவே இல்லை. இப்போது நம்பர் காட்டும் கைமிஷினில் சுற்றுகிறேன். நாற்பத்தொன்று வந்ததும் கையை எடுத்துவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து நம்பர் நாற்பத்திரண்டுக்கு நகரும், கைப்பிடி அசையாது. மிஷின் கோளாறு என்று மூன்று மிஷின் மாற்றிவிட்டேன். கம்பியைப் பிரித்து எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு சுற்று இருக்கிறது.