கிள்ளானில் நடந்த இரண்டாம் நாள் வகுப்பு

செவ்வாய், மாலை.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். படிக்க என்றேன். அவர் கடவுச்சீட்டில் பிறந்த வருடத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். இரண்டு நாள் வகுப்பு, அதன் பிறகு ஒரு மாநாடு என்று விளக்கினேன். அவருக்கு அது போதவில்லை என்று தோன்றியது. ஆனாலும் முத்திரை விழுந்தது.

திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான பயணம். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும். என் நாற்பத்து நான்கு வயதில் இதுதான் முதல் வெளிநாடு, அதுவும் தனியாக. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறேன். மருத்துவமனைகளின் சம்பளக் கணக்கு மென்பொருள். அதை ரஸ்ட் என்ற புதிய மொழியில் திரும்ப எழுதப்போகிறார்கள். அந்த மொழிக்கான மாநாடு கோலாலம்பூரில் நடப்பதாகவும், அதையொட்டி இரண்டு நாள் பயிற்சி வகுப்பு இருப்பதாகவும், நான் போய்க் கற்றுவந்து குழுவில் மற்ற ஆறு பேருக்கும் சொல்லித்தர வேண்டும் என்றும் மேலாளர் சொன்னார். ரஸ்ட் என்றால் துரு. துருப்பிடித்த ஒன்றைக் கற்கவா கடல் தாண்டிப் போகிறாய் என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யாருக்கும் எதையும் சொல்லித்தந்தவள் இல்லை.

பேருந்தில் பதினைந்து ரிங்கிட் கொடுத்து, ஒரு மணி நேரம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்தபடி கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் வந்து சேர்ந்தேன். அங்கிருந்து நான் தங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கும் தூரம்தான். அறையின் ஜன்னலுக்கு நேரே மோனோரயில் பாதை. ஒவ்வொரு ரயிலும் அறைக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் போவதுபோல் இருந்தது. உட்கார முடியாமல் இறங்கித் தெருவில் நடந்தேன். பூமாலைக் கடைகள், புடவைக் கடைகள், நடைபாதையின் மஞ்சள் வரிக்கற்களைக் கோலால் தட்டியபடி வேகமாகப் போகும் பார்வையற்றவர்கள். எல்லோருக்கும் போகும் இடம் தெரிந்திருந்தது. நான் தெருமுனைவரை போய்த் திரும்பி, மறுபடியும் போனேன். மூன்றாவது முறை கடந்தபோது உணவுக்கடைக்காரர் எதையாவது தேடுகிறேனா என்று கேட்டார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு உள்ளே போய்த் தோசை சாப்பிட்டேன்.

புதன்.

வகுப்பு எல்ஆர்டி என்ற நகர ரயிலில் மூன்றாவது நிறுத்தமான கெரிஞ்சிக்கு அருகே, ஓர் அலுவலகக் கட்டடத்தின் பதினோராவது மாடியில். சுமார் இருபது பேர். ஆசிரியர் போலந்துக்காரர், பெயர் மாரெக். நெடிய மனிதர், மெதுவாகப் பேசுவார். இருவர் இருவராகச் சேர்ந்து உட்காரச் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். எனக்கு முன்னாலேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி தன் கைப்பையை நாற்காலியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க, இங்க உக்காருங்க. நாம ரெண்டு பேரும்தான் கண்ணாடி போட்டு கண்ணாடிக்கு மேல பாக்கறவங்க."

அவர் ஸ்டெல்லா. கிள்ளானைச் சேர்ந்தவர், ஐம்பத்தொரு வயது. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நிரலாளர். கப்பலில் வரும் பெட்டிகளைக் கணக்கு வைக்கும் மென்பொருளை இருபது வருடங்களுக்கு முன் அவரே தனியாக எழுதினார். இப்போது நிறுவனம் அதை மாற்றுகிறது. புதிய மொழி தெரிந்தவர்கள் தொடரலாம், மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதை அவர் மதியச் சாப்பாட்டின்போது, வாழையிலையில் ரசம் ஓடிவிடாமல் சோற்றால் அணை கட்டிக்கொண்டே சொன்னார்.

"வேல போனா வேற வேல தேடிக்கலாம் லா. ஆனா கம்பெனி மெடிக்கல்லதான் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஓடுது. வாரத்துக்கு மூணு நாள். அத எங்க போயி தேடறது?"

பிற்பகலில் மாரெக் இந்த மொழியின் மையமான விஷயத்துக்கு வந்தார். நிரலுக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரே ஓர் உரிமையாளர்தான். இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் அது உங்களுடையது இல்லை. பார்ப்பதற்கு மட்டும் இரவல் தரலாம். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும். மாற்றுவதற்கு இரவல் கொடுத்தால் அந்த நேரத்தில் வேறு யாரும் பார்க்கக்கூட முடியாது. கேட்க எளிது. எழுதினால், நிரலைச் சோதித்து ஏற்கும் கம்பைலர் ஒவ்வொரு வரியையும் திருப்பி எறிந்தது. மாரெக் பலகையில் பெட்டிகளும் அம்புகளுமாகப் படம் போட்டுக்கொண்டே போனார். எனக்கு மாலைக்குள் பாதி பிடிபட்டது. ஸ்டெல்லா அக்கா எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். ஆனால் அவர் முகத்தில் ஒன்றும் இறங்கவில்லை என்பது தெரிந்தது.

வகுப்பு முடியும்போது மாரெக் ஒன்று சொன்னார். சான்றிதழ் வேண்டுபவர்கள் ஒவ்வொருவரும் தனியாக ஒரு சிறு நிரல் எழுதி, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அவருக்கு அனுப்ப வேண்டும்.

வியாழன்.

காலையில் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பத்து மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. வழக்கமாகக் கணவரை டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் கொழுந்தன் லோரி ஓட்டுபவர். ஜொகூரில் லோரி பழுதாகி நிற்கிறது. பிற்பகலில் தானே அழைத்துப்போக வேண்டும், அதற்குள் வகுப்புக்கு வந்து திரும்ப முடியாது. மன்னிக்கவும்.

நான் தனியாக உட்கார்ந்து பயிற்சிகளைச் செய்தேன். நன்றாகவே வந்தன. ஆனால் உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன், கழிவறைக்கு எழுந்தேன், ஜன்னலுக்குப் போய்க் கீழே நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டிருந்த வாகனங்களைப் பார்த்தேன். சென்னையிலிருந்து மேலாளர் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தார். நன்றாகப் போகிறது என்று அடித்து, அழித்து, மறுபடி அடித்தேன். இடைவேளையில் மாரெக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். யார் எங்கிருந்து எழுதினாலும் நிரல் ஓடினால் போதும், இன்று வராததை நான் எண்ணப்போவதில்லை என்றார். பலகையைப் படம் எடுத்துக்கொண்டேன். எங்கே இருக்கிறீர்கள், நான் வரட்டுமா என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். வெகுநேரம் கழித்து ஒரு முகவரி மட்டும் வந்தது.

இதை முழுக்க உதவும் எண்ணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஒருவருக்கு, ஒரே ஒருவருக்காவது என்னால் சொல்லித்தர முடிகிறதா என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊரில் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

கேஎல் சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். கட்டணம் ஐந்து ரிங்கிட்டுக்குள்தான். பெண்களுக்கான இளஞ்சிவப்புப் பெட்டியில் இடம் இருந்தும் கதவருகே நின்றேன். பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம். இடையில் ஓரிடத்தில் காரணம் சொல்லாமல் ரயில் நின்றது. மழை ஜன்னலில் சாய்ந்து அடித்தது. யாரும் கவலைப்படவில்லை. நான் மட்டும் கதவுக்கு மேலிருந்த நிறுத்தங்களின் வரைபடத்தை மறுபடி மறுபடி படித்தேன்.

கிள்ளானில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. முகவரியில் இருந்த புக்கிட் திங்கிக்கு வாடகைக் காரில் பன்னிரண்டு ரிங்கிட். ஓட்டுநர் தமிழர், நடுத்தர வயது.

"ஊர்லேருந்து வந்தீங்களா அக்கா? பத்துமலைக் கோயிலுக்குப் போய்ட்டீங்களா?"

இல்லை, டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறேன் என்றேன். அதன் பிறகு அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். இறங்கும்போது, நல்லாயிடும் அக்கா என்றார். நோயாளி என்னைச் சேர்ந்தவர் இல்லை என்று விளக்க எனக்குத் தோன்றவில்லை.

மையம் கடைவீட்டு வரிசையில் முதல் மாடியில் இருந்தது. காத்திருப்பு அறைக்கும் உள்ளறைக்கும் நடுவே பெரிய கண்ணாடிச் சுவர். உள்ளே சாய்வு நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். மூன்றாவது நாற்காலியில் இருந்த மெலிந்த மனிதரை அக்கா காட்டினார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வுபெற்ற அவர் கணவர் அந்தோணி. அவர் ஊசி குத்தாத கையைத் தூக்கிக் காட்டினார்.

மடிக்கணினியைத் திறந்து, எடுத்துவந்த படங்களைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். மாரெக்கின் பெட்டிகள், அம்புகள், உரிமையாளர், இரவல். கால் மணி நேரம் போயிருக்கும். அக்கா எழுதுவதை நிறுத்தினார்.

"ரேவதி, நீ அவர் சொன்னதையே தமிழ்ல சொல்றே. அது எனக்கு இங்லீஷ்லயே நேத்து புரியல. ஒனக்கு புரிஞ்சத நீ சொல்லிக்கிட்டே போறே. எனக்கு எங்க நிக்குதுன்னு நீ கேக்கவே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தேநீர் வாங்கிவருகிறேன் என்று கீழே இறங்கினேன். கடைவரிசையின் கடைசிவரை நடந்தேன். டயர் கடை, பூனை மருத்துவர், பூட்டிய பல் மருத்துவமனை. அப்படியே ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். என் பை மேலே இருந்தது. தே தாரிக் என்னும் பால்தேநீர் இரண்டை நெகிழி உறையில் கட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கணினியை மூடி வைத்துவிட்டு, துறைமுகத்தில் அவர் வேலை என்ன என்று கேட்டேன். ஒரு பெட்டி கப்பலிலிருந்து இறங்கியதும் என்ன ஆகும் என்று கேட்டேன். அக்கா ஆச்சரியமாகப் பார்த்தார், பிறகு சொல்லத் தொடங்கினார். பெட்டியை எடுக்க ஒரு விடுவிப்புச் சீட்டு உண்டு. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எடுக்க முடியும். லோரிக்காரரிடம் சீட்டைக் கொடுத்துவிட்டால் அலுவலகத்துக்கு அந்தப் பெட்டியில் கைவைக்க உரிமை இல்லை.

"கஸ்டம்ஸ்காரர் வந்து பாத்தா?"

"பாப்பாரு, போயிருவாரு. பாத்ததால பெட்டி அவரோடது ஆயிருமா?"

"ரெண்டு பேர் வந்து பாக்கலாமா?"

"பத்து பேர்கூட பாக்கலாம். பாக்கறதுதானே."

"உள்ள ஒருத்தர் சரக்க எறக்கி ஏத்திட்டிருக்கும்போது?"

"அப்ப எப்படி பாக்கறது? எண்ணிக்கிட்டு இருக்கும்போதே எண்ணிக்க மாறுமே. அவர் முடிச்சுட்டு வெளிய வரட்டும்னு சொல்லி..."

பாதியில் நிறுத்தினார். தேநீர் உறையை நாற்காலியின் கைப்பிடியில் மாட்டினார். பிறகு கணினியைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார்.

அதன் பிறகு நான் அதிகம் பேசவில்லை. அவர் பெட்டி என்று ஒன்றை எழுதினார், சீட்டு என்று ஒன்றை எழுதினார். கம்பைலர் திருப்பி எறிந்தது. ஏன் எறிந்தது என்று என்னைக் கேட்காமல், லோரிக்காரரிடம் கொடுத்த சீட்டை மறுபடி தேடுகிறேன், அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருத்தினார். ஓரிடத்தில் எனக்கே தெரியாததில் இருவரும் மாட்டிக்கொண்டோம். எழுதியதை அழித்து வேறு வழியில் போனோம். உள்ளே ஓர் இயந்திரம் கூவும்போதெல்லாம் அக்கா தலையைத் தூக்கி மூன்றாவது நாற்காலியைப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

ஏழு மணிக்கு மேல் நிரல் ஓடியது. திரையில் நான்கே வரிகள். அக்கா எழுந்து போய்க் கண்ணாடிச் சுவரில் விரலால் தட்டினார். அந்தோணி கண் திறந்தார். அக்கா கட்டை விரலைக் காட்டினார். அவர் தன் கட்டை விரலைக் காட்டினார். அங்கிருந்தே மாரெக்குக்கு அனுப்பினோம்.

வெள்ளி.

என் நிரலை விடியற்காலையில் அறையில் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். அவசரத்தில் செய்தது அவசரமாகவே இருந்தது. மாநாடு தொடங்கும் முன் மாரெக் என்னைக் கூப்பிட்டு, நிரல் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தகவலைப் பிரதி எடுத்துப் பிரச்சினையிலிருந்து தப்பித்திருக்கிறீர்கள், இதற்குச் சான்றிதழ் தர முடியாது என்றார். திருத்தி அடுத்த வாரம் அனுப்பச் சொன்னார். ஸ்டெல்லா அக்காவுடையதைத் தேர்ச்சி பெற்றதாக ஏற்றுக்கொண்டிருந்தார். வெளியே வந்து மேலாளருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன்: சான்றிதழ் இன்னும் இல்லை, ஆனால் குழுவுக்கான வகுப்பை நான் எடுப்பேன். அவர் சரி என்று ஒரு சொல் அனுப்பினார். அது எந்தச் 'சரி' என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாநாட்டு அரங்கம் பெரியது, குளிர் அதிகம். திருச்சியில் நான் வேலை செய்யும் அறையில் மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் குக்கர் சத்தம் கேட்கும்; பக்கத்தில் யாரும் நிரல் எழுதுவதில்லை. இங்கே முந்நூறு பேர் நான் தனியாகத் திட்டிக்கொண்டிருந்த அதே பிழைச் செய்திகளைப் பற்றிச் சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது. ஆனாலும் ஒரு சொற்பொழிவைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. அரங்கம் மாறி அரங்கம் போனேன். இரவு விமானம். விமான நிலையத்துக்கு ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதே தலையில் ஓடியது. பயணப் பெட்டி என்னுடனே இருந்தது.

மதியத்துக்கு மேல் அக்கா வந்தார். கொழுந்தன் திரும்பிவிட்டார், ஆனால் வீட்டில் இரவு முழுக்கத் தூக்கமில்லை, அந்தோணிக்குக் கால் இழுத்துக்கொண்டது என்றார். சான்றிதழை வாங்கிப் பையில் வைத்தார். திங்கள்கிழமை முதலாளியிடம் கொடுக்கப்போகிறார். கொடுத்தால் வேலை நிற்குமா என்று கேட்டேன்.

"தெரியல ரேவதி. கேக்கறதுக்கு கையில ஒண்ணு இருக்கு. அவ்வளவுதான்."

நான்கு மணிச் சொற்பொழிவுக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். விளக்கைக் குறைத்தார்கள். மேடையில் ஒரு ஜப்பானியப் பெண் ரயில் அட்டவணைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சில நிமிடங்களில் என் வலது தோளில் பாரம் இறங்கியது. அக்கா தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணாடி மூக்கிலிருந்து சரிந்திருந்தது. அதை மெதுவாகக் கழற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

சொற்பொழிவு முடிந்தது. அடுத்தவர் மேடைக்கு வந்தார். என் கை மரத்துப்போனது. ஐந்து மணிப் பேருந்துக்கு எழுந்தாக வேண்டிய நேரம் வந்து, கடந்தும் போனது. அரை மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.